பதினேழாம் எண் கத்தி

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் வாரத்துக்கு நாலைந்து வாள்கள் என் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கின்றன. நான் இருந்த அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். கூடவே, கைப்பேசிச் செயலி என்ன பதில் சொன்னது என்பதையும் அனுப்புவார்கள். போன வாரம் வந்த வாளை அந்தச் செயலி துருக்கி என்றும் பதினேழாம் நூற்றாண்டு என்றும் சொல்லியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியின் அடியில் ஒரு ஸ்குரூ இருந்தது. அதன் தலையில் கூட்டல் குறி. அந்தக் காலத் துருக்கியில் ஸ்டார் ஸ்குரூடிரைவர் இருந்ததா என்று செயலியையே கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார்கள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாள். என் சர்வீஸில் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டமாக இருந்த ஆயுதம் எது என்று. யோசித்துப் பார்த்தால், கண்டுபிடிப்பதில் அப்படியொன்றும் கஷ்டப்பட்டதில்லை. கண்டுபிடித்துவிட்டு அவதிப்பட்டது ஒருமுறை உண்டு. அதை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்ததில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

என் ஊர் மதுராந்தகத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் நடுவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வீட்டில் கூரான பொருள் என்றால் கருக்கரிவாளும் அருவாமனையும்தான். வாள் என்று நான் முதலில் பார்த்தது எங்கள் மாதா கோயிலில் மிக்கேல் சம்மனசு சிலையின் கையில் இருந்தது. அது சிமெண்ட்.

தட்டச்சு படித்து அரசு வேலைக்கு வந்தேன். பதினைந்து வருடம் வேறொரு துறையில் கடிதம் அடித்தேன். பிறகு செங்கல்பட்டில் இருந்த பழம்பொருள் ஆய்வுப் பிரிவுக்கு மாறுதல் வந்தது. அந்தப் பிரிவின் முழுப் பெயர் நீளமானது. போர்டில் பாதிப் பெயர்தான் பிடித்தது, மீதியை எழுத இடம் இல்லை. மாமல்லபுரத்தில் செய்யும் கற்சிலைகள் வெளிநாட்டுக்குப் போகும்போது, அவை புதியவைதான் என்று சான்று கொடுப்பது எங்களுக்கு முக்கியமான வேலை. அதற்கு நடுவே வாள், கத்தி, ஈட்டி என்று ஏதாவது வரும். சிலைகளைப் பார்க்க அங்கே இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். கத்தி பார்க்க ஆள் இல்லை. என்னை ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அறையை இருட்டாக்கிப் படம் காட்டினார்கள். பாதிப் பேர் தூங்கினோம். நான் கற்றது முழுவதும் திரும்பி வந்து கையில் தூக்கிப் பார்த்துக் கற்றதுதான்.

பிரிவின் அதிகாரி தணிகாசலம் சார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். குள்ளமான உருவம். சட்டைப் பையில் ஒரு லென்ஸ், ஒரு காந்தம், இரண்டு இஞ்சி மிட்டாய் எப்போதும் இருக்கும். ஒரு பொருளைப் போலி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கொண்டுவந்தவரை உட்காரவைத்து, அவருடைய வயதைக் கேட்டுக்கொண்டு, "இது உங்களுக்கு மூத்தது இல்லைங்க" என்பார். அந்தக் கத்தி தன் கொள்ளுத் தாத்தாவுடையது என்று சத்தியம் செய்தவர்கள்கூட அதற்குமேல் பேசமாட்டார்கள். வயதைத் தாங்களே சொல்லிவிட்டார்களே.

அவருடைய முறை இப்படி. மேசைமேல் வெள்ளைத் துணி. கையில் நூல் உறை. முதலில் தொடாமல் பார்க்க வேண்டும். பிறகு எடை. பிறகு நீளம். பிறகு முதுகுத் தடிமனை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: பிடியோரம், நடு, முனையோரம். சம்மட்டியால் அடித்துச் செய்த வாள் முனைக்குப் போகப் போக மெலிந்துகொண்டே வரும். இரும்புத் தகட்டை வெட்டிச் செய்தது மூன்று இடத்திலும் ஒரே அளவைக் காட்டும். அடுத்து, மரக்கட்டையின் விளிம்பில் கிடத்தி எந்த இடத்தில் சமனாக நிற்கிறது என்று பார்ப்போம். சுவரில் மாட்டச் செய்த வாள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், அதை வீசப்போகிறவன் யாரும் இல்லை. அடுத்தது விளக்கு. பக்கவாட்டில் பிடித்தால் பழைய உருக்கில் தண்ணீர் ஓடினாற்போல வரிகள் தெரியும். அந்த வரிக்கு ஆசைப்பட்டு இப்போது அமிலத்தால் வரைகிறார்கள். வரைந்தது இரண்டு பக்கங்களிலும் இருக்கும், முதுகில் இருக்காது. முதுகில் வரைகிற அளவுக்கு எந்தப் பட்டறையிலும் பொறுமை இல்லை. கடைசியாகக் கைப்பிடி. நம் பக்கத்துப் பழைய வாள்களில் அலகின் வாலைப் பிடிக்குள் இறக்கி அரக்கு ஊற்றி இறுக்கியிருப்பார்கள். புதியவற்றில் நட்டு இருக்கும், இல்லாவிட்டால் கடையில் விற்கும் வெள்ளைப் பசை இருக்கும்.

இவ்வளவையும் எழுதி முடிக்கும்வரை பஞ்சோ எண்ணெயோ ஸ்பிரிட்டோ மேசைக்கு வரக்கூடாது. துரு, பிசுக்கு, மஞ்சள், மீன் செதில், எது ஒட்டியிருந்தாலும் முதலில் அது தாளில் ஏற வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு கோயில் வாளில் அப்பியிருந்த குங்குமத்தை நான் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாரிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். "அலகின் அடிப்பகுதியில் குங்குமம் இருந்தது, ரெஜினா துடைத்துவிட்டார்." அந்தக் கோப்பு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. என் பெயரோடு.

இந்தச் சமயத்தில் திருவிடந்தையில் ஒரு ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியர் எங்களைக் கூப்பிட்டார். முப்பது வருடம் கடலில் இருந்தவர். போன துறைமுகத்தில் எல்லாம் ஒரு கத்தியாவது வாங்கிவந்திருக்கிறார். மாடியில் ஒரு அறை முழுக்க அறுபத்தொரு ஆயுதங்கள். தனக்குப் பிறகு பிள்ளைகள் இவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது, எது எது உண்மையில் பழசு என்று எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு வாரம் தினமும் போனோம்.

ஏமனில் வாங்கிய ஜம்பியா என்ற வளைந்த குத்துவாளின் பிடி காண்டாமிருகக் கொம்பு என்று சொன்னார். சார் அனுமதி கேட்டு, சூடான ஊசியை மறைவான இடத்தில் வைத்தார். கொம்பாக இருந்தால் முடி கருகும் வாடை வரும். பிளாஸ்டிக் பக்கெட் உருகும் வாடை வந்தது. நேபாளத்துக் குக்ரி கத்தி ஒன்று நல்ல பழசு. பிறகு இன்ஜினியர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த ஜப்பான் வாளை எடுத்தார். சாமுராய் வாள் என்றார். சார் பிடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே அலகில் வரிசை எண் குத்தியிருந்தது. போர்க்காலத்தில் தொழிற்சாலையில் அடித்துப் பட்டாளத்துக்குக் கொடுத்தது. "சார், நீங்க எப்ப பொறந்தீங்க?" என்று தணிகாசலம் சார் விசாரித்தார். அவர் சொன்னார். "இது உங்களுக்கு மூணு வயசு மூத்தது" என்றார் சார். அதுவரைக்கும் அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

அறுபத்தொன்றில் பதினொன்று நூறு வயதைத் தாண்டியவை. இன்ஜினியர் ஜப்பான் வாளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு, மீதி ஐம்பதிலும் எந்த ஊரில் யாரிடம் வாங்கினேன் என்பதையாவது எழுதி வைக்கலாமா, அது நிஜம்தானே என்று கேட்டார். சார் உட்கார்ந்து ஐம்பதையும் எழுதிக்கொண்டார்.

அந்தப் பதினொன்றில் இரண்டு கிரிஸ். மலாய், ஜாவா பக்கத்துக் குத்துவாள். கிரிஸ் என்றாலே பாம்பு மாதிரி நெளிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்று அப்படித்தான் இருந்தது. மற்றது நேரானது. நேரான கிரிஸ் பார்ப்பதற்குச் சாதாரணக் கத்தி மாதிரி இருக்கும், அதன் அடிப்பகுதியைப் பார்க்கும்வரை. அங்கே ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அகலமான பக்கத்தில் யானைத் தும்பிக்கை போல ஒரு சின்னச் சுருள். அலகின் அடியில் குறுக்கே தனியாக ஒரு துண்டைச் செய்து பொருத்தியிருப்பார்கள். இணைப்பு மயிரிழைக் கோடாகத்தான் தெரியும். அந்தக் கோட்டை நான் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன். அந்த வாரம் முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டே அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

இரண்டு வருடம் கழித்துத்தான் ரவூப் பாய் வழக்கு வந்தது.

அப்துல் ரவூப் மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான அலங்காரப் பொருள் கடை வைத்திருந்தார். பித்தளைத் திசைகாட்டி, மாக்கல் யானை, சுவரில் மாட்டும் வாள். ஒரு பெரிய மனிதர் ஊருக்கு வருவதையொட்டிக் கடைகளில் சோதனை நடந்தது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை, இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள். பாய் கடையிலிருந்து இருபத்து மூன்று வாள், கத்திகளை அள்ளிக்கொண்டு போய், மேசையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார்கள். அன்று மாலையே தொலைக்காட்சியில் ஆயுதக் குவியல் என்று ஓடியது. பாயை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். பொருள்கள் உண்மையில் ஆயுதங்கள்தானா, எந்தக் காலத்தவை என்று எழுதித் தரச்சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்தது.

ஸ்டேஷனின் பின்னறையில் இரண்டு மேசை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டிலும் வெள்ளைத் துணி விரித்தோம். இடது மேசை நூறு வயதுக்கு மேல். வலது மேசை அதற்குக் கீழே. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பாயின் மனைவி மும்தாஜ் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார். கிளைச் சிறையில் மனு கொடுத்துக் கணவரைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்துவிடுவாராம். ஏட்டு ஒருவர் எங்களிடம் சலிப்பாகச் சொன்னார்: "டெய்லி வந்துகினு கீது மேடம் அந்தம்மா. இன்னா சொன்னாலும் போவ மாட்டேன்னுது."

சார் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். முதல் வாள், வடக்கே பட்டறையில் செய்தது, கூர் தீட்டவே இல்லை, முதுகு மூன்று இடத்திலும் ஒரே தடிமன், பிடியில் நட்டு, உறையில் விலைச் சீட்டு. வலது மேசை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மாட்டுவதற்குக் கொக்கியைப் பற்றவைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஆயிற்று. வலது மேசை நிறைந்துகொண்டே வந்தது. எனக்குள் ஒரு நிம்மதி. இப்படியே போனால் வெள்ளிக்கிழமை பாய் வீட்டுக்குப் போய்விடலாம்.

பதினேழாம் எண் ஒரு கறுத்த கத்தி. முழங்கை நீளம்கூட இல்லை. ரம்பம் தீட்டும் அரத்துக்குப் போடுவார்களே, அந்த மரப் பிடி மாட்டியிருந்தது. அதன்மேல் மின்சார வேலைக்கான கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அலகில் பழுப்பாக ஏதோ பசை. சார் கையில் எடுத்தார். ஒரு தடவை திருப்பினார். "உள்ளூர்க் கத்தி. அரத்துப் பிடி. புதியது" என்று சொல்லி வலது மேசையில் வைத்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நானும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

சாப்பிட்டு வந்த பிறகு எண் அட்டைகளைக் கட்டுவது என் வேலை. பதினேழைக் கையில் எடுத்ததும் என் கட்டைவிரல் அடிப்பகுதியில் போய் நின்றது. ஒரு பக்கம் அகலம். ஒரு பக்கம் குறுகல். அதன்மேல் பசை அப்பியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அலகுவரை கொண்டுபோய்விட்டேன். அப்புறம் நிறுத்தினேன். பசை எங்கெங்கே, எத்தனை அடுக்கு, என்ன நிறம் என்று குறித்துக்கொண்டேன். படமும் எடுத்தேன். பிறகுதான் விரல் நகம் அளவுக்கு ஓரிடத்தில் துடைத்தேன்.

கோடு இருந்தது. அதற்குக் கீழே தும்பிக்கைச் சுருள்.

அப்போது எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். சாருக்குக் கண் போய்விட்டது என்று நினைத்தேன். ஐம்பத்தேழு வயது. பாவம்.

"சார், பதினேழை மறுபடி பார்க்கணும்" என்றேன்.

"பார்த்தாச்சு."

"இல்ல சார். அடியில பாருங்க. கோடு இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். கத்தியை வாங்கிக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்துப் பார்வை மங்கினவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள், என் சந்தேகம் உறுதியாயிற்று. லென்ஸை எடுத்தார். கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பின்பு இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "முன்னாடி எழுதினத அடிச்சிட்டு எழுதுங்க" என்றார்.

நேரான கிரிஸ். மலாய்ப் பகுதி. நூறு வருடத்துக்கு மேற்பட்டது. கைப்பிடி பிற்காலத்தது. கிரிஸின் வால் உருண்டையானது, அதனால் அரத்துப் பிடி கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது. இதை எழுதி முடித்ததும் நான் பேனாவை மூடினேன். திறக்கச் சொன்னார். "இப்ப பசைய எழுதுவோம்."

பசையை மட்டும் ஒரு முழுப் பக்கம் சொன்னார். பார்சல் ஒட்டும் டேப்பின் பசை. மூன்று அடுக்குக்குக் குறையாது. அடி அடுக்கு காய்ந்து பழுப்பாகிவிட்டது, மேல் அடுக்கு இன்னும் பிசுபிசுக்கிறது. நடுவில் சணல் நார், அட்டைப்பெட்டித் தூள். அலகின் அடியிலிருந்து நாலு விரல் நீளத்தில்தான் பசை, அதாவது ஒரே இடத்தை வைத்துப் பல காலம் அறுத்திருக்கிறார்கள். மற்ற இருபத்திரண்டிலும் விலைச் சீட்டோ, சீட்டு ஒட்டியிருந்த தடமோ இருக்கிறது, இதில் இல்லை. இவ்வளவு எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சாரின் வழக்கம்தானே என்று எழுதினேன்.

சட்டம் எளிமையானதுதான். பழம்பொருளை வீட்டில் வைத்திருக்கலாம். உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. இருபத்திரண்டு மொட்டை வாள்களால் ஆயுத வழக்கு நிற்காது என்பது எங்கள் அறிக்கையைப் படித்ததுமே ஸ்டேஷனுக்குப் புரிந்துவிட்டது. பதினேழாம் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். பழம்பொருளைக் கடையில் வைத்து விற்கப் பார்த்தார் என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மற்ற இருபத்திரண்டும் புதியவை என்ற எங்கள் வார்த்தையை மட்டும் நம்ப முடியாது என்று சென்னையிலிருந்து இன்னொரு நிபுணரையும் வரவழைக்கக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வெளியே வர வேண்டிய மனிதர் மேலும் நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தார்.

அந்த நாற்பத்தொரு நாளுக்குள் பாயின் மகளுக்கு நிச்சயம் நடந்தது. முன்பே பேசிவைத்த தேதி. அவர் இல்லாமலேயே நடத்தினார்கள்.

மறுநாள் மும்தாஜ் எங்கள் அலுவலக வாசலுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மாமனாரோட வாப்பா பினாங்குலருந்து வரச்சொல்லோ கொண்டாந்தது மேடம் அது. டிரங்குப் பொட்டில கெடந்துச்சு. புடி ஒடஞ்சிட்ச்சின்னு இவருதான் அரத்துப் புடி மாட்டி வெச்சிகினாரு. பார்சல் கட்டுறதுக்கு. அது இன்னா ஏதுன்னு எங்களுக்கே தெரியாது. நீங்க ஒரு வார்த்த சும்மா இருந்திருக்கலாம்."

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். இறங்கியது, வந்தது. ஆனால் அவர் நிற்பாரோ என்று வாசல் வழியாகப் போகாமல் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சென்னை நிபுணர் வந்தார். மெலிந்த, அவசரக்கார மனிதர். அடிப்பகுதியைப் பார்த்ததும் கிரிஸ் என்றார். எல்லாமாக நாலு நிமிடம்.

நீதிமன்றத்தில் சார் சாட்சி சொன்னார். நான் கோப்போடு பின்னால் நின்றேன். கத்தி பழையதுதான் என்பதை யாரும் மறுக்கவில்லை. அரசுத் தரப்பில், கடைக்குள் இருந்தால் அது விற்பனைப் பொருள்தான் என்றார்கள். பாயின் வக்கீல் எழுந்து பசைப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். முழுவதும் படித்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு அறிக்கையில் பசையைப் பற்றி இவ்வளவு எழுதியிருப்பது ஏன் என்று சாரைக் கேட்டார்.

"இருந்ததுங்க அய்யா" என்றார் சார்.

அது என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்று அடுத்த கேள்வி. தோன்றுவதைச் சொல்லும் வழக்கம் சாருக்குக் கிடையாது. கத்தியை வாங்கி, பசை இருந்த இடத்தைக் காட்டி, இந்த அகலம் பார்சல் டேப்பின் அகலம் என்று மட்டும் சொன்னார். மாஜிஸ்திரேட் பெஞ்ச் கிளார்க்கிடம் டேப் இருக்கிறதா என்று விசாரித்தார். நீதிமன்றத்தில் அது இல்லாமல் இருக்குமா? வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. விற்பதற்கு வைத்த பழம்பொருளை வைத்து யாரும் வருடக்கணக்கில் டேப் அறுக்கமாட்டார்கள் என்று வக்கீல் முடித்தார். பாய் அந்த வாரம் வீட்டுக்குப் போனார். பிறகு வழக்கும் முடிந்தது. கத்தியைக் குடும்பத்திடமே ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு.

ஒப்படைப்பு எங்கள் அலுவலகத்தில் நடந்தது. மும்தாஜ் உள்ளே வரவில்லை, கேட்டருகே ஆட்டோவிலேயே இருந்துகொண்டார். ரவூப் பாயை அன்றுதான் நேரில் பார்த்தேன். உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கத்தியை ஏதோ வேறொருவருடைய பொருள் மாதிரி பார்த்தார். விற்கக் கூடாது, தீட்டக் கூடாது, பிடியை மாற்றக் கூடாது என்று விதிகளைச் சொன்னேன்.

"டேப்பு அறுக்கலாமா மேடம்?"

"கூடாது பாய்."

"அப்ப இன்னாத்துக்கு கீது இது?"

பத்திரமாக வையுங்கள் என்றேன். அவர் அதை மகளுக்கு வந்த புடவைப் பெட்டி ஒன்றில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கப்புறம் நான் செய்த காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாரின் கண்ணை நான் நம்பவில்லை. அவர் கையெழுத்திட்ட பழைய அறிக்கைகளை எடுத்து, கைக்கு எட்டிய பொருள்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. ஒரு தவறும் கிடைக்கவில்லை. அப்படியானால் கண் சமீபத்தில்தான் போயிருக்கிறது என்று முடிவு செய்தேன். அதன்பிறகு அவர் மேசைக்கு வரும் பொருளை எல்லாம் அவருக்கு முன்பே நான் ஒருமுறை பார்த்துவிடுவேன். விளக்கை இன்னும் கிட்டே இழுத்து வைப்பேன். எழுத்துப் பெரியதாக அடித்துக் கொடுப்பேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி வற்புறுத்த ஆரம்பித்தேன். அவருக்கு மனைவி இல்லை, மகன் வெளியூர். நீங்கள் போகாவிட்டால் நானே பெயர் பதிந்துவிடுவேன் என்று சொல்லி, அப்படியே செய்தேன். தாம்பரம் பக்கம் ஒரு கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டு, எழுத்துப் பலகை காட்டி, வெளிச்சம் அடித்து, இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் அம்மா வெளியே வந்து, கூட வந்தவர் யார் என்று என்னைக் கூப்பிட்டார். இந்த வயதில் இவ்வளவு நல்ல கண்ணை அவர் இந்த மாதத்தில் பார்க்கவில்லையாம். புரை இல்லை, ஒன்றும் இல்லை. கிட்டத்து எழுத்துக்கு மட்டும் கண்ணாடி, அதுவும் போட்டிருப்பதே போதும். எதற்காக அழைத்து வந்தீர்கள் என்று கேட்டார்.

செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சொட்டு மருந்தினால் வெயில் கூசுகிறது என்று சார் கைக்குட்டையைக் கண்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். பஸ் கூடுவாஞ்சேரியைத் தாண்டியது. எனக்கு எல்லாம் அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"சார், அந்தப் பதினேழை நீங்க பார்த்தீங்களா?"

கைக்குட்டையை எடுக்காமலே பதில் சொன்னார். "எடுத்ததும் தெரிஞ்சுது. அந்தம்மா ஜன்னலுக்கு வெளிய கேரியர வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு தடவ எழுதாம விட்டா என்னன்னு தோணிச்சு. அவ்வளவு வருஷத்துல ஒரு தடவ." கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "விட்டிருந்தாலும் மெட்ராஸ் ஆள எப்படியும் கூப்பிட்டிருப்பாங்க, அவரு நாலு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாரு. நான் பொய் சொன்னேன்னு ஆயிருக்கும். அப்புறம் அந்தப் பசைய யாரு நம்புவாங்க? பாய் ரெண்டு வருஷம் உள்ள இருந்திருப்பாரு" என்றார்.

அவருக்கு ஒரு உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. அன்று வாசலில் மும்தாஜ் சொன்னதற்கான பதிலும் அதுதான்.

"நீங்க கவனிக்கலைன்னு நெனச்சுதான் சார் சொன்னேன். கண்ணு தெரியலைன்னு நெனச்சேன். தெரிஞ்சே வெச்சீங்கன்னு எனக்குப் புரிஞ்சிருந்தா, நானும் பேசாம இருந்திருப்பேன்."

சார் கைக்குட்டையை எடுத்தார். மருந்தில் இரண்டு கண்ணும் கரேலென்று அகன்றிருந்தன. வெளிச்சம் தாங்காமல் தண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணாலேயே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல வேளை ரெஜினா. என்னக் குருடன்னு நெனச்சீங்க."

திரும்பவும் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.